திரைக்குள் திரை: டெலிகேட் எங்கே தொலைகிறது?

ஐஓஎஸ் ஆப் எழுதுகிறவர்களுக்கு டெலிகேட் புதிதல்ல: ஒரு திரையில் நடந்ததை யாரிடம் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுக்கும் முறை. ஒரு புரோட்டோகால் (என்னென்ன மெத்தடுகள் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம்), அந்த வகையில் ஒரு வீக் வேரியபிள் (ஆப்ஜெக்ட்டைச் சுட்டும், ஆனால் உயிரோடு பிடித்து வைக்காது), மறுபக்கம் அந்தப் புரோட்டோகாலை ஏற்றுக்கொண்ட ஒரு கிளாஸ். இரண்டு திரைகளோடு நிற்கும் வரை இது தகராறு செய்வதே இல்லை. ஒரு திரையை நடத்தும் வியூ கண்ட்ரோலர் ஒன்றுக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று அடுக்க ஆரம்பித்ததும்தான் ஆட்டம் காண்கிறது. அதுவும் சத்தம் போடாத கோளாறு. ஆப் கிராஷ் ஆகாது, கன்சோலில் எதுவும் வராது, கம்பைலரும் வாய் திறக்காது. பயனர் தொடுவார், ஒன்றும் நடக்காது.

இதற்கு மூலகாரணம் நாம் பழக்கதோஷத்தில் போடும் கேள்விக்குறி. ஸ்விஃப்டில் டெலிகேட்டைக் கூப்பிடும்போது பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் புள்ளியும் வைக்கிறோம். டெலிகேட் இருந்தால் கூப்பிடு, நில்லாக, அதாவது வெறுமையாக, இருந்தால் சும்மா போய்விடு என்று அர்த்தம். நல்ல வசதிதான். ஆனால் இருந்தே ஆக வேண்டிய டெலிகேட் இல்லாமல் போனாலும் அதே அமைதிதான் கிடைக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு காணொளிப் பாட ஆப்பை வைத்துச் சொல்கிறேன். மேலே வீடியோ ஓடும் பிளேயர் திரை. அதன் கீழ்ப்பாதியில் ஒரு சைல்டு வியூ கண்ட்ரோலர். பாடங்கள், குறிப்புகள் என்று இரண்டு தாவல்கள் அதில் இருக்கும். பாடங்கள் தாவலுக்குள் ஒரு கண்டெய்னர் வியூ, அதில் பாடப்பட்டியல். பட்டியலில் ஒரு பாடத்தைத் தொட்டால் மேலே ஓடும் வீடியோ மாற வேண்டும். தொடுவது பேரன், மாற வேண்டியது தாத்தா, நடுவில் நிற்பது அப்பா. இனி இந்த உறவுமுறையிலேயே பேசுகிறேன், வியூ கண்ட்ரோலர் என்று திரும்பத் திரும்ப எழுதினால் எனக்கே குழப்புகிறது.

ஆப்பின் கோடு ஏற்கெனவே வேறொரு குழு எழுதியது. எங்கள் கைக்கு வந்தபோது பாடத்தைத் தொட்டால் வீடியோ மாறவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி முதலில் அதைப் பார்த்தான். "அண்ணா, டெலிகேட் செட் பண்ற லைன் இருக்கு. பிரேக்பாயிண்ட் வச்சா அங்க நிக்கவும் செய்யுது. ஆனா தொட்டா ஒண்ணும் வரல." "நிக்குதான்னு பாக்காத தம்பி. எது முன்னாடி நிக்குது, எது பின்னாடி நிக்குதுன்னு பாரு" என்றேன். இரண்டு இடத்தில் பிரேக்பாயிண்ட் வைத்து ஓடவிட்டான். பேரனிடம் டெலிகேட்டைக் கொடுக்கும் வரி முதலில் ஓடியது. அப்பாவிடம் கொடுக்கும் வரி அதற்கப்புறம் ஓடியது. விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது.

கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். தாத்தாவின் வியூ லோடு ஆனதும் ஓடும் வியூடிட்லோடில் வரிகள் இந்த வரிசையில் இருந்தன: அப்பாவை ஸ்டோரிபோர்டிலிருந்து (திரைகளை வரைந்து வைக்கும் கோப்பு) உருவாக்கு, ஆட்சைல்டு போடு, அப்பாவின் வியூவை எடுத்துத் தன் வியூவுக்குள் சேர், கான்ஸ்ட்ரெயின்ட் போடு, டிட்மூவ் டு பேரண்ட் கூப்பிடு, கடைசியாக அப்பாவின் டெலிகேட் நான்தான் என்று சொல். படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது படியில் அப்பாவின் வியூவைத் தொட்ட கணமே அது லோடு ஆகிறது. லோடு ஆகும்போது, உள்ளே பேரனைப் பொருத்தும் எம்பெட் செக்வே (ஸ்டோரிபோர்டில் வரைந்த இணைப்பு) ஓடுகிறது. அப்பாவின் ப்ரிப்பேர் ஃபார் செக்வே கூப்பிடப்படுகிறது. அங்கே "பேரனின் டெலிகேட் = என் டெலிகேட்" என்று எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் அப்பாவின் டெலிகேட் நில். பேரனுக்கும் நில்தான் போகிறது. மூன்று படி தாண்டி அப்பாவுக்குச் சரியான ஆள் கிடைக்கிறார், பேரனுக்கு அந்தச் சேதி போய்ச் சேர்வதே இல்லை.

பலர் தடுமாறும் இடம் இதுதான். "பேரனின் டெலிகேட் = என் டெலிகேட்" என்ற வரியைப் பார்த்தால் இரண்டையும் கயிறு போட்டுக் கட்டியதுபோல் தோன்றும். உண்மையில் அந்த நொடியில் இருக்கும் ரெஃபரன்ஸ் மட்டும்தான் நகலாகிறது. பிறகு அப்பாவின் டெலிகேட் மாறினால் பேரனுக்குத் தெரியாது.

உடனடித் தீர்வு எளிது. டெலிகேட் கொடுக்கும் வரியை, வியூவைச் சேர்க்கும் வரிக்கு மேலே தூக்கிப் போட்டால் முடிந்தது. நாங்களும் அதைத்தான் செய்தோம், வேலை செய்தது. ஆனால் அந்த இடத்தில் வரிசைதான் எல்லாமே என்பது கோடு வரிகளைப் பார்த்தால் தெரியாது. பின்னால் ஒருவர் அப்பாவின் பின்னணி நிறத்தை மாற்ற ஒரு வரி சேர்த்தார், டெலிகேட் வரிக்கு மேலே. நிறம் மாற்ற வியூவைத் தொட்டாக வேண்டும், தொட்டால் லோடு ஆகும். பழைய கதை மறுபடி. நிறம் மாற்றியதால் வீடியோ மாறாமல் போனது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

எல்லாமே ஸ்டோரிபோர்டின் எம்பெட் செக்வேயாக இருந்தால் வரிசை தானாகவே சரியாக அமையும். தாத்தாவின் ப்ரிப்பேர் முதலில், பிறகு அப்பாவின் ப்ரிப்பேர், பிறகு பேரனின் வியூடிட்லோடு, அப்பாவுடையது, கடைசியில் தாத்தாவுடையது. மேலிருந்து கீழே கொடுத்துக்கொண்டு போய், கீழிருந்து மேலே லோடு ஆகி முடிகிறது. இதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: எம்பெட் செக்வேயின் ப்ரிப்பேர், தாத்தாவின் வியூடிட்லோடுக்கு முன்னாலேயே ஓடிவிடும். எனவே வியூடிட்லோடில் தயார் செய்யும் எதையும் ப்ரிப்பேரில் எடுத்துக் கொடுக்க முடியாது. அங்கே சைல்டின் அவுட்லெட்டுகளும் (திரையில் வரைந்த லேபிள் போன்றவற்றைச் சுட்டும் வேரியபிள்கள்) நில்லாகத்தான் இருக்கும். லேபிளில் எழுதப் போனால் ஆப் கிராஷ் ஆகும். தரவை வேரியபிளில் கொடுத்துவிட்டு, லேபிளை நிரப்பும் வேலையை சைல்டின் வியூடிட்லோடிடமே விடுவது நல்லது.

வரிசையை நம்பாமல் டெலிகேட்டைக் கீழே கொண்டுபோக, வேரியபிள் மாறியதும் தானாக ஓடும் டிட்செட் வைப்பார்கள். அப்பாவின் டெலிகேட் மாறும்போதெல்லாம் பேரனுக்கும் அதையே எழுதிவிடு என்று. ஓரளவு காப்பாற்றும். ஆனால் பேரன் அந்த நேரத்தில் இன்னும் பிறக்காமல் இருக்கலாம். அதனால் டிட்செட்டிலும் எழுத வேண்டும், பேரன் உருவாகும் இடத்திலும் எழுத வேண்டும். தாவல் மாறும்போது பழைய பேரனைத் தூக்கிவிட்டுப் புதியவரை வைக்கிற அமைப்பு என்றால் அங்கேயும் எழுத வேண்டும். ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் இனிஷியலைசருக்குள் தன் வேரியபிளுக்கு மதிப்புக் கொடுக்கும்போது டிட்செட் ஓடாது என்பதும், வீக் வேரியபிளை ஏஆர்சி (நினைவகத்தைக் கணக்குப் பார்த்து விடுவிக்கும் ஏற்பாடு) தானாக நில் ஆக்கும்போதும் அது ஓடாது என்பதும் கூடுதல் தொல்லை. ஒரே ரெஃபரன்ஸை மூன்று இடத்தில் எழுதிக் காப்பாற்ற வேண்டியிருந்தால் அமைப்பிலேயே கோளாறு என்பது என் எண்ணம்.

நாங்கள் கடைசியில் வந்து நின்ற இடம் வேறு. டெலிகேட்டைக் கீழே கைமாற்றுவதையே விட்டுவிட்டோம். பேரனுக்கு டெலிகேட் அப்பா. அப்பாவுக்கு டெலிகேட் தாத்தா. பேரன் சொல்வதை அப்பா வாங்கி, தன் டெலிகேட்டிடம் எடுத்துச் சொல்கிறார். நடுவில் நாலைந்து வரி கூடுகிறது, உண்மைதான். வெறுமனே வாங்கிக் கொடுப்பதற்கு எதற்கு ஒரு ஆள் என்று எங்கள் குழுவிலேயே முணுமுணுப்பு இருந்தது. ஆனால் கிடைத்தது பெரிது. அப்பா தன் டெலிகேட்டைத் தேடுவது பயனர் தொடும் நேரத்தில். அதற்குள் எல்லாத் திரைகளும் லோடாகி, எல்லா டெலிகேட்டும் வந்து சேர்ந்திருக்கும். எந்த வரி முன்னால், எந்த வரி பின்னால் என்ற கவலையே ஒழிந்தது. பேரன் உருவாகும்போது அப்பா கட்டாயம் இருப்பார். அவரை டெலிகேட்டாகக் கொடுப்பதில் நில் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது ஆதாயத்தைப் பிறகுதான் உணர்ந்தேன். இரண்டு புரோட்டோகாலும் ஒரே பாஷை பேச வேண்டியதில்லை. பேரனின் புரோட்டோகால் "இந்தப் பாடம் தொடப்பட்டது" என்கிறது. அப்பாவின் புரோட்டோகால் "இந்த வீடியோவை ஓட்ட வேண்டும்" என்கிறது. நடுவில் அப்பா, பூட்டிய பாடமா என்று பார்த்து, பூட்டியிருந்தால் மேலே சொல்லாமல் அங்கேயே ஒரு செய்தியைக் காட்டிவிடலாம். பாடப்பட்டியல் என்று ஒன்று இருப்பதே தாத்தாவுக்குத் தெரிய வேண்டாம். பின்னால் பட்டியலைக் கட்டங்களாக மாற்றியபோது பிளேயர் திரையில் ஒரு வரி கூடத் தொடவில்லை. ஒரு சின்ன ஒழுங்கு மட்டும்: டெலிகேட் மெத்தடின் முதல் அளவுருவாக அனுப்புகிறவரையே கொடுப்பது ஆப்பிளின் யுஐகிட் லைப்ரரியின் மரபு. அப்பா மேலே சொல்லும்போது அங்கே பேரனைக் கொடுக்காமல் தன்னையே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பேரனைப் பற்றிய விவரம் பின்வாசல் வழியாக மேலே போய்விடும்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. நடுவில் இருப்பது நேவிகேஷன் கண்ட்ரோலர் மாதிரி வெறும் உறை என்றால் அதற்கு எடுத்துச் சொல்லும் வேலையைக் கொடுக்க அவசியமில்லை. ஆனால் அந்த உறையே அடுத்த கண்ணி. எங்கள் ஆப்பில் பின்னால் பாடப்பட்டியலை நேவிகேஷன் கண்ட்ரோலருக்குள் வைத்தோம். அப்போது செக்வேயின் டெஸ்டினேஷன் பாடப்பட்டியல் அல்ல, நேவிகேஷன் கண்ட்ரோலர். "டெஸ்டினேஷன் பாடப்பட்டியலாக இருந்தால் டெலிகேட் கொடு" என்று கேள்விக்குறி வைத்த காஸ்ட் (வகை இதுதானா என்று பார்த்து மாற்றுவது) பொய்யாகி, இஃப்புக்குள் நுழையாமலே போய்விடும். இங்கேயும் சத்தமில்லை. உறையைப் பிரித்து அதன் வியூகண்ட்ரோலர்ஸ் வரிசையில் முதலாவதை எடுக்க வேண்டும். டாப் வியூ கண்ட்ரோலர் என்றும் எடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே ஏதாவது புஷ் ஆகியிருந்தால் டாப் வேறு ஆளாக இருக்கும். மூலத் திரைதான் வேண்டும் என்றால் முதலாவதை எடுப்பதே பத்திரம்.

இந்த அமைதியைக் கலைக்க நான் செய்வது ஒன்றுதான். இருந்தே ஆக வேண்டிய டெலிகேட் என்றால், திரை தோன்றப்போகும்போது ஓடும் வியூவில்அப்பியரில் அது நில் இல்லை என்று சோதிக்கும் ஒரு அசர்ட். டீபக் பில்டில் உடனே நின்று கத்தும்; ரிலீஸ் பில்டில் அசர்ட் சோதிக்கப்படாது, எனவே பயனருக்குக் கிராஷ் இல்லை. செக்வேயில் காஸ்ட் தோற்றால் எல்ஸ் பகுதியில் அசர்ஷன்ஃபெய்லியர். கேள்விக்குறியை எடுத்துவிட்டு ஆச்சரியக்குறி போடச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஒரு தொடுதல் வேலை செய்யாததற்காகப் பயனரின் ஆப்பையே மூடக் கூடாது.

வீக் பற்றிச் சுருக்கமாக. பேரண்ட் தன் சில்ட்ரன் வரிசையில் சைல்டை ஸ்ட்ராங்காக, அதாவது அழியவிடாமல், பிடித்திருக்கிறது. சைல்டும் பேரண்டை ஸ்ட்ராங்காகப் பிடித்தால் ரிடெய்ன் சைக்கிள். திரையை மூடினாலும் இரண்டும் நினைவகத்தில் கிடக்கும். எங்கள் ஆப்பில் அப்படி நடந்திருந்தால் மூடிய பிளேயரின் ஆடியோ பின்னால் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். வீக் போட வேண்டுமானால் புரோட்டோகால் கிளாஸுக்கு மட்டுமானது என்று எனிஆப்ஜெக்ட் சேர்க்க வேண்டும். மறந்தால் கம்பைலரே சொல்லிவிடும், இங்கே அது வாய் திறக்கும். மறுபக்க ஆபத்தும் உண்டு. டெலிகேட் வேலைக்கென்று தனியாக ஒரு சின்ன ஆப்ஜெக்ட்டை ஃபங்ஷனுக்குள் உருவாக்கி வீக் வேரியபிளில் வைத்தால், வேறு யாரும் பிடிக்காததால் அது உடனே மறைந்துவிடும். நேரடியாக அந்த வரியிலேயே உருவாக்கினால் கம்பைலர் எச்சரிக்கும். ஒரு லோக்கல் மாறிலியில் வைத்துப் பிறகு கொடுத்தால் எச்சரிக்கை வராது. சந்தேகம் வந்தால், ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஇனிட்டில் ஒரு பிரிண்ட் போடுங்கள், அல்லது எக்ஸ்கோடின் மெமரி கிராஃபைத் திறந்து பாருங்கள். எல்லா டெலிகேட்டும் வீக்தான் என்று நம்பிவிடவும் வேண்டாம்: நெட்வொர்க் வேலைக்கான யுஆர்எல்செஷன் தன் டெலிகேட்டை இன்வாலிடேட் செய்யும் வரை ஸ்ட்ராங்காகவே வைத்திருக்கும், அசைவுகளுக்கான சிஏஅனிமேஷனும் அப்படித்தான்.

பெயரில் ஒரு வழுக்கல். யுஐபேஜ்வியூகண்ட்ரோலர், நேவிகேஷன் கண்ட்ரோலர், டேப்பார் கண்ட்ரோலர் இவற்றுக்கெல்லாம் டெலிகேட் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு பிராப்பர்ட்டி உண்டு. அவற்றைச் சப்கிளாஸ் செய்து உங்கள் டெலிகேட்டுக்கும் அதே பெயரை வைக்க முடியாது. லெசன்டெலிகேட் என்பதுபோல் வேறு பெயர் வையுங்கள். பேஜ்வியூகண்ட்ரோலரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பக்கம் புரட்டும்போது முன்பக்கம், பின்பக்கம் கேட்கும் டேட்டாசோர்ஸ் மெத்தடுகளில் புதுப் புது சைல்டுகள் பிறக்கின்றன. முதல் பக்கத்துக்கு மட்டும் டெலிகேட் கொடுத்தால் முதல் பக்கத்தில் எல்லாம் ஓடும், புரட்டியபின் எதுவும் ஓடாது. சோதிப்பவர்களும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். பக்கத்தை உருவாக்கும் ஒரே ஒரு ஃபங்ஷன் இருக்கட்டும். டெலிகேட் கொடுப்பதும் அதற்குள்ளேயே நடக்கட்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, நோட்டிஃபிகேஷன் சென்டரில் ஒன்றை அனுப்பிவிட்டால் யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாமே என்ற யோசனை எல்லாக் குழுவிலும் வரும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் அதன் குறையே. ஐபேடில் ஐபேட்ஓஎஸ் 13-லிருந்து, அதாவது 2019 முதல், ஒரே ஆப்பை இரண்டு விண்டோவில் திறந்து வைக்கலாம். ஒரு விண்டோவில் பாடத்தைத் தொட்டால் பக்கத்து விண்டோவின் வீடியோவும் மாறும். அனுப்பியவர் யார் என்று ஆப்ஜெக்ட் அளவுருவை வைத்து வடிகட்டலாம்தான், ஆனால் அதற்கு யார் யாருடைய பேரன் என்று தெரிந்திருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடுகிறோம். பேரண்ட் பிராப்பர்ட்டியைப் பிடித்து மேலே ஏறிப்போய்த் தேடுவதும் இப்படித்தான். நடுவில் ஒரு நேவிகேஷன் கண்ட்ரோலரைச் செருகிய அன்றே கணக்கு தப்பும்.

டெலிகேட்டுக்குப் பதில் கிளோஷர் (வேரியபிளில் வைத்துக் கொடுக்கும் ஒரு துண்டு கோடு) எனக்குப் பிடிக்கும், ஒரே ஒரு நிகழ்வு என்றால். ஆன்செலக்ட் என்று ஒரு கிளோஷர், உள்ளே வீக் செல்ஃப், முடிந்தது. நிகழ்வுகள் நாலைந்து ஆனதும் புரோட்டோகாலே படிக்க எளிது. கிளோஷரில் வீக் செல்ஃபை மறந்தாலும் கம்பைலர் எச்சரிக்காது.

அடுக்கு மூன்றைத் தாண்டினால் எடுத்துச் சொல்லும் முறையும் களைத்துப்போகும். அப்போது கோஆர்டினேட்டர் பக்கம் போகலாம். திரைகளை உருவாக்குவதும் டெலிகேட் கொடுப்பதும் ஒரே ஆப்ஜெக்ட்டின் வேலை. ஒவ்வொரு திரையும் நேராக அதனிடமே பேசும். ஆனால் திரைகள் கோஆர்டினேட்டரை வீக்காகத்தான் பிடிக்கும் என்பதால் அதை ஸ்ட்ராங்காக வைத்திருப்பவர் யார் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஸ்டோரிபோர்டையே வைத்துக்கொள்ள விரும்பினால் எக்ஸ்கோடு 11-இல் வந்த ஐபி செக்வே ஆக்‌ஷனைப் பாருங்கள். ஐஓஎஸ் 13-லிருந்து சைல்டை உருவாக்கும் இனிஷியலைசரிலேயே டெலிகேட்டைக் கொடுத்துவிடலாம். அந்த இனிஷியலைசரைக் கூப்பிடும்போது மறந்துவிட்டால் கம்பைலே ஆகாது.

ஆண்ட்ராய்டில் இதே கதை வேறு வேஷத்தில் வருகிறது. ஃபிராக்மென்டுக்குள் (அங்கே திரையின் ஒரு பகுதி) ஃபிராக்மென்ட் வைத்து, லிசனரை (அங்கே டெலிகேட் போன்றது) வேரியபிளில் கொடுத்தால், திரையைத் திருப்பியதும் சிஸ்டம் ஃபிராக்மென்டைப் புதிதாக உருவாக்கும். லிசனர் காணாமல் போயிருக்கும். ஃபிராக்மென்ட் லைப்ரரியின் 1.3.0 பதிப்பில் வந்த ஃபிராக்மென்ட் ரிசல்ட் ஏபிஐ அதற்குத்தான். அங்கே சறுக்கும் இடம்: உள்ளே இருப்பவர் தன் பேரண்ட் ஃபிராக்மென்ட் மேனேஜரில் அனுப்பினால், வெளியே இருப்பவர் தன் சைல்டு ஃபிராக்மென்ட் மேனேஜரில் கேட்க வேண்டும். வெளியே இருப்பவரும் பேரண்ட் மேனேஜரிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் வந்து சேராது.

டெஸ்ட் எழுதுவது இங்கே நினைப்பதைவிடச் சுலபம். ஸ்டோரிபோர்டிலிருந்து அப்பாவை உருவாக்கு, லோட்வியூஇஃப்நீடட் கூப்பிடு, சில்ட்ரனில் முதலாவதை எடு, உறை இருந்தால் பிரி, அதன் டெலிகேட் அப்பாதானா என்று மூன்று சமக்குறி போட்டுச் சரிபார். வேண்டுமென்றே டெலிகேட் கொடுக்காமல் வியூவை லோடு செய்து, பிறகு டெலிகேட் கொடுத்து, பேரனைத் தொட்டதுபோல் கூப்பிட்டு, சேதி மேலே வருகிறதா என்றும் ஒரு டெஸ்ட் வையுங்கள். பின்னணி நிறத்தை மாற்ற வரி சேர்ப்பவர் யாராக இருந்தாலும் பிறகு அவர் விருப்பப்பட்ட இடத்தில் சேர்க்கலாம்.

சைல்டை நீக்கும்போதும் ஒரு கண் இருக்கட்டும். வில்மூவ் டு பேரண்டுக்கு நில் கொடுத்து, வியூவைப் பிரித்து, ரிமூவ் ஃப்ரம் பேரண்ட் கூப்பிட வேண்டும். வியூவை மட்டும் பிரித்துவிட்டு மற்றதை மறந்தால் சைல்டு கண்ணுக்குத் தெரியாமல் சில்ட்ரன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும், அதன் டெலிகேட்டும் உயிரோடு இருக்கும். தாமதமாக வரும் நெட்வொர்க் பதில் ஒன்று, திரையில் இல்லாத பட்டியலின் வழியாக, ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை மாற்றிவிடும்.